கல் நின்ற இடம்

பிப்ரவரி 5, ஞாயிறு

இந்த நோட்டு ஷைனி வாங்கிக் கொடுத்தது. கோட்டயத்துக்காரி. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறோம். என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டதாம். இனிமேல் இதில் புலம்பு என்றாள். சரி, புலம்புகிறேன்.

பெயர் செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டிப் பக்கம். இப்போது இருப்பது அயர்லாந்து, கெர்ரி. வந்து பதினான்கு மாதம் ஆகிறது, அதில் பதிமூன்றரை மாதம் மழை.

இன்று ஞாயிறு, இவர், என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன், போனில் வரும் நாள். சாப்பிட்டாயா, மழையா, சம்பளம் போட்டுவிட்டார்களா என்று வழக்கமான மூன்றும் முடிந்ததும் நான் என் வழக்கமான ஒன்றைக் கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். அவருக்குப் பின்னால் இரும்புக்கடைச் சுவரில் புதிதாக அடித்திருந்த ஆணி வரை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பெரிய கேள்வி ஒன்றும் இல்லை. நம் பிள்ளையை எங்கே புதைத்தீர்கள் என்பதுதான்.

பிப்ரவரி 9, வியாழன்

ஆறாம் அறையில் பிரைடி. வயது எண்பத்து நான்கு. இதயம் பலவீனம், காலில் நீர். புத்தி தெளிவு என்றுதான் நினைத்திருந்தேன். இன்று காலை மாத்திரை கொடுக்கப் போனால், சாப்பாட்டு மேசையின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் கீறிக்கொண்டே இருக்கிறார். வரிசையாக ஐந்து கீறல், கொஞ்சம் இடம் விட்டு மூன்று, மறுபடியும் இடம் விட்டு ஐந்து. பிறகு முதலிலிருந்து. என்ன இது என்று கேட்டேன். கல் என்றார். எந்தக் கல் என்றேன். "இல்லாத கல்லு" என்றார்.

குறிப்பில் எழுதினேன்: குழப்பம், மேசையைக் கீறுகிறார், இல்லாத கல்லைப் பற்றிப் பேசுகிறார். டாக்டர் பார்வைக்கு.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஊரிலிருந்து பார்சல். கருவாடு மணக்கும் என்று தனியாகச் சுற்றியிருக்கிறார்கள், அப்படியும் மணக்கிறது. மிளகாய் வற்றல், சீவல், மூன்று கிலோ உளுந்து. எங்கள் காட்டில் விளைந்த உளுந்து. போனில் மாமாவுக்கு ஒரே பெருமை. போன கோடையில் கண்மாயைத் தூர்வாரினார்களாம், அள்ளிய வண்டலை, கரம்பை மண்ணை, நம் காட்டுக்கு இருபது டிராக்டர் அடித்தாராம், இந்த வருஷம் உளுந்து எப்படிக் காய்த்தது தெரியுமா என்று ஆரம்பித்தார். அவர் பேசப் பேச இவர் போனை வாங்கிவிட்டார்.

அத்தை இடையில் புகுந்து இவரைப் பற்றிப் புகார் சொன்னார். "உளுந்த கண்ணுல காட்டக் கூடாதுங்கான். இட்லி வேண்டாம், தோச வேண்டாம், வட வேண்டாம். கம்பங்கஞ்சியும் சோறுமா கெடக்கான். நீயாவது கேளு."

என்ன, புருஷன் நோன்பா என்று கிண்டல் செய்தேன். வாய்வு என்றார். கல்யாணமான புதிதில் பன்னிரண்டு இட்லியை உட்கார்ந்த இடத்தில் காலி செய்தவர். நாற்பது வயதுக்குள் வாய்வு.

இன்றும் கேட்டேன். இன்றும் சிக்னல்.

பிப்ரவரி 13, திங்கள்

தோசை சுட்டேன். ஷைனி ஏழு, நான் ஐந்து. கடையில் விற்கும் உளுந்தில் இந்த வாசம் வராது. பதினான்கு மாதத்தில் இன்றுதான் வயிறு நிறைந்தது.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஷைனி எனக்குக் கைக்குப் போடும் கிரீம் வாங்கி வந்தாள். மூடியைத் திறந்தேன், மல்லிகை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். முகம் சுண்டிப்போயிற்று அவளுக்கு. தலைவலி வரும் என்று சொன்னேன்.

போன். சிக்னல்.

பிப்ரவரி 24, வெள்ளி

பிரைடியைக் குளிப்பாட்டிவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். உனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். தனக்கும் இல்லை என்றார். துண்டை மடித்து வைப்பதற்குள், "ஒண்ணு இருந்துச்சு" என்றார்.

அறுபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே பிப்ரவரியில், பெண் பிள்ளை. வயிற்றிலேயே உயிர் போய்விட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை அந்தக் காலத்தில் கோயில் கல்லறையில் சேர்க்க மாட்டார்களாம். ஊருக்கு ஊர் அதற்கென்று ஒரு மூலை உண்டு, கில்லீன் என்று பெயர். பொழுது சாயும் நேரம் அப்பன் மட்டும் தனியாக எடுத்துப் போய் மூடிவிட்டு வருவான். பாட்டு, ஜெபம், பெயர் எதுவும் கிடையாது. அம்மா போகக் கூடாது. பிரைடி கட்டிலில் கிடந்தார். புருஷன் டோனல் வெண்ணெய்ப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். திரும்பி வந்து, கதவுக்கு வெளியே நின்றபடி ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். கீறல் கல்லின் காலடியில்.

பிரைடிக்கு அந்தக் கல் தெரியும். சின்ன வயதில் அதைச் சுற்றி விளையாடியவர். ஆள் உயரக் கல், அதன் விளிம்பில் வரிசையாக வெட்டு. விரலை ஓட்டி எண்ணுவார்களாம். ஐந்து, மூன்று, ஐந்து.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. டோனல் செத்த வருஷம்தான், இனி யாரைக் கேட்க வேண்டும் என்று, அந்த மூலைக்குப் போயிருக்கிறார். வெறும் புல். கல் இல்லை, மேடு இல்லை, ஒன்றும் இல்லை.

"என்கிட்ட பொய் சொல்லிட்டான்" என்றார். "எந்தப் பள்ளத்துல போட்டானோ. நல்ல மனுஷன். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தேன். அந்த ஒண்ணை மட்டும் மன்னிக்க முடியல."

தலையைச் சீவிவிட்டேன். வேறு என்ன செய்வது.

பிப்ரவரி 26, ஞாயிறு

நானும் எழுதிவிடுகிறேன், ஒரு தடவை.

மூன்று வருஷம் நான்கு மாதம் ஆகிறது. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். நான்கு நாள் இருந்தாள். எனக்குப் புண் சீழ் பிடித்து ஜுரம், நான் ஒரு வார்டு, அவள் ஒரு வார்டு. இரண்டு தடவை பார்த்தேன். நான்காம் நாள் மத்தியானம் இவர் என் வார்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அன்று சாயங்காலமே ஊருக்குக் கொண்டுபோய் முடித்துவிட்டார்கள். பச்சைப் பிள்ளைக்குச் சடங்கு கிடையாது, பெயர் வைக்கும் நாளும் வரவில்லை, பொம்பளைகள் அங்கே போகிற வழக்கமும் இல்லை. அத்தை பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பூ வாடும், பால் நனைக்கும், புதுப் பூ வைத்துக் கட்டுவார். மூன்று நாள்.

கண்மாய்க்கரைப் பக்கம் என்று யாரோ சொல்லிக் காதில் விழுந்தது. கண்மாய் அரை மைல் நீளம். ஊருக்குப் போன அன்றே கேட்டேன், உடம்பு தேறட்டும் காட்டுகிறேன் என்றார். காட்டவில்லை. அப்புறம் முள்ளாகக் கிடக்கிறது என்றார், தண்ணீர் நிற்கிறது என்றார். நான் இங்கே கிளம்பி வந்ததே அந்தக் கோபத்தில்தான். வீட்டுக் கடன் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்று போனில் பிரைடி கதையைச் சொன்னேன். அந்தக் கிழவராவது கதவுக்கு வெளியே நின்று ஒரு வார்த்தை சொன்னார், பொய்யோ மெய்யோ, உங்களுக்கு அதுவும் வாயில் வரவில்லை என்றேன். இந்தத் தடவை நான்தான் வைத்தேன்.

மார்ச் 8, புதன்

பிரைடியின் கொழுந்தன் மகன் கீரன் வந்திருந்தான். கீரன் என்றதும் முதலில் நம்மூர்க்காரன் என்று நினைத்தேன். சிவந்த முகம், சேறு அப்பிய பூட்ஸ், ஐம்பது வயது இருக்கும். பிரைடிக்கு இருக்கும் ஒரே சொந்தம். வயலில் ஓடையை ஆழப்படுத்த மண்வெட்டும் எந்திரம் விட்டானாம், அதில் பெரிய கல் ஒன்று வந்ததாம். புரட்டிப் போட்டால் விளிம்பெல்லாம் வெட்டு. அரசாங்கத்துக்குச் சொல்லிவிட்டான், தொல்லியல்காரர்கள் வந்து பார்த்துவிட்டார்கள்.

போனில் படத்தைக் காட்டினான். ஐந்து. இடம். மூன்று. இடம். ஐந்து.

பிரைடி போனை வாங்கி, கண்ணாடித் திரையில் நகத்தை ஓட்டினார். சத்தம் வராமல் அழுதார்.

மார்ச் 9, வியாழன்

உள்ளூர் ரேடியோவில் அந்தக் கல்தான் செய்தி. அது ஓகம் என்ற எழுத்தாம். ஆயிரத்து ஐந்நூறு வருஷம் இருக்கலாமாம். எழுத்து என்றால் நம் எழுத்துப் போல இல்லை. கல்லின் விளிம்பே கோடு, அதில் ஒன்று முதல் ஐந்து வரை வெட்டுகள், அவ்வளவுதான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, தொல்லியல்காரப் பெண் சிரித்துவிட்டு, அநேகமாக எல்லாக் கல்லிலும் ஒன்றேதான் என்றாள். இன்னார் மகன் இன்னார். வேறு ஒரு சேதியும் இல்லையாம்.

வேறு என்ன சேதி வேண்டும்.

பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். குழப்பம் என்று என் பெயரில் கிடக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றியதை அழிக்க முடியாது. கீழே ஒரு வரி சேர்த்தேன்: கல் இருக்கிறது. தவறு என்னுடையது.

மார்ச் 12, ஞாயிறு

பிரைடி ஆளே மாறிவிட்டார். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார். டோனல் படத்தை அலமாரிக்குள்ளிருந்து எடுத்துத் துடைத்து மேசையில் வைக்கச் சொன்னார். இத்தனை வருஷம் குப்புறக் கிடந்த படம். அங்கே போக வேண்டும், ஒரே ஒரு தடவை, அதன் காலடியில் நிற்க வேண்டும் என்கிறார். டாக்டர் யோசித்தார். கால் வீக்கம் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது, போவதென்றால் சீக்கிரம் போகட்டும் என்றார்.

நல்ல செய்தியாயிற்றே என்று இவரிடம் சொன்னேன். கல் கிடைத்தால் இடம் கிடைத்த மாதிரிதானே என்றேன். "கல்லு நகந்திருக்கலாம்ல?" என்றார். எதற்கெடுத்தாலும் அபசகுனம் பிடித்த வாய்.

மார்ச் 14, செவ்வாய்

மத்தியானம் கீரன் காரை நிறுத்தும் இடத்தில் எனக்காகக் காத்திருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டே சொன்னான்.

கல் கிடைத்தது கில்லீனில் இல்லை. கில்லீன் இருந்தது மேட்டில் எங்கேயோ. அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவன் அப்பா அந்த மூலையை டிராக்டர் விட்டுச் சமன் செய்தார். நின்ற கல்லைச் சங்கிலி கட்டி இழுத்துவந்து ஓடைக்குக் குறுக்கே பாலமாகப் போட்டார், வெட்டு கீழே போகும்படி. கல் எங்கே நின்றது என்று இனி யாருக்கும் தெரியாது. தொல்லியல்காரப் பெண்ணும் பார்த்துவிட்டாள், மண்ணைக் கலைத்துவிட்டார்கள் என்கிறாள். அந்த வயல் ஆறு ஏக்கர்.

பெரியம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றான். செத்த அப்பனுக்காகவும் கேட்டான், பெரியம்மாவுக்காகவும் கேட்டான். எது அதிகம் என்று அவனுக்கே தெரியவில்லை.

மார்ச் 15, புதன்

சொல்லிவிட வேண்டும். மறைப்பதற்கு நான் யார். நான் என்ன ஆவுடையப்பனா?

மார்ச் 16, வியாழன்

காலையில் சொல்லலாம் என்று போனேன். உதட்டுக்குச் சாயம் பூசச் சொன்னார். எதற்கு என்றேன். ஒத்திகை என்றார். பூசிவிட்டு வந்தேன். நாளை சொல்கிறேன்.

மார்ச் 17, வெள்ளி

இங்கே பண்டிகை. எல்லாருக்கும் பச்சை ரிப்பன். சொல்லவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

இவரை நன்றாகத் திட்டித் தீர்த்தேன். ஒரு தாயிடம் இடத்தை மறைப்பவன் மனுஷனே இல்லை என்றேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பிரைடியைக் கூட்டிப் போகிறோம்.

மார்ச் 21, செவ்வாய்

மழை இல்லை. அதுவே அதிசயம்.

சக்கர நாற்காலி வயலில் இறங்காது என்று கீரன் பலகை போட்டு வைத்திருந்தான். ஓடைக் கரையில் இரண்டு கட்டைகளின் மேல் கல்லைக் கிடத்தியிருந்தார்கள். வரும் வாரம் ஊரின் பழைய கோயிலுக்குள் கொண்டுபோய் நிறுத்தப் போகிறார்களாம். நான் நினைத்ததைவிடப் பெரிது, சாம்பல் நிறம், ஒரு பக்கம் பாசி. பிரைடி கையுறையைக் கழற்றச் சொன்னார். விளிம்பில் விரலை வைத்து ஓட்டினார். உதடு அசைந்தது. எண்ணி முடித்ததும் கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "இதோட காலடி எந்தப் பக்கம்?"

கீரன் தன் பூட்ஸைப் பார்த்தான். எனக்குப் பின்னால் ஆறு ஏக்கர். நான் கையை நீட்டினேன். மேட்டில் ஒரு முள்மரம் தனியாக நிற்கிறது, அதன் அடியில் கொஞ்சம் புல் செழிப்பாக இருந்தது. அங்கே என்றேன். என் கை ஆடவில்லை, குரல் பிசிறவில்லை. இவ்வளவு நன்றாகப் பொய் வரும் என்று எனக்குத் தெரியாது.

ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டோனல் பொய் சொல்லவில்லை என்றார். கொஞ்சம் மண் வேண்டும் என்றார். நான் மேடேறிப் போய் முள்மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையாலேயே ஒரு பிடி தோண்டி, தயிர்க் கப்பில் போட்டுக்கொண்டு வந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது நானும் கொஞ்சம் அழுதேன், யார் பிள்ளைக்கு என்று தெரியாமல்.

மார்ச் 26, ஞாயிறு

போனில் மழையைப் பற்றிப் பேசினேன். ஷைனியின் அண்ணன் கல்யாணத்தைப் பற்றிப் பேசினேன். முடிக்கும்போது இவரே, "இன்னைக்கி ஒண்ணும் கேக்கலயே?" என்றார்.

சிக்னல் சரியில்லை என்றேன்.

மார்ச் 28, செவ்வாய்

பிரைடிக்கு மூச்சு சிரமம். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம். காலையில் குழாயைச் சரிசெய்யும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விட்டு விட்டுப் பேசினார்.

"அந்த ஓடை மேல ஒரு பாலம் இருந்துச்சு பொண்ணே. அகலமான கல்லு. வைக்கோல் காயப்போடுற நாள்ல டீ வாளியத் தூக்கிக்கிட்டு நான் அது மேலதான் போவேன். எத்தன வருஷம்."

அவருக்குத் தெரியும். கல்லைக் கட்டைமேல் பார்த்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. கீழே குனிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. இன்னும் சொன்னார்.

"டோனல் மட்டும் அதுல கால் வைக்க மாட்டான். வயலோட வாசல் வரைக்கும் சுத்திப் போவான். கால் மைல். பயந்தாங்கொள்ளின்னு நான் எல்லாரு முன்னாடியும் சிரிப்பேன். ஒரு நாளும் ஏன்னு சொல்லல."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீ காட்டின இடம் நல்ல இடம்தான்" என்றார். "முள்மரம் பிடிக்கும் எனக்கு."

மருந்து ட்ராலியைத் தள்ளிக்கொண்டு ஏழாம் அறைக்குப் போனேன். எட்டாம் அறை. ஒன்பதாம் அறையில் ஒரு கிழவர் இன்று என்ன சாப்பாடு என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அப்போதுதான் டோனல் சுற்றிப் போனது வந்து என் நெஞ்சில் இடித்தது. மாத்திரைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, துணி மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இவரைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமையில் நான் கூப்பிட்டதே இல்லை. பதறிப்போய் எடுத்தார்.

"நீங்க ஏன் உளுந்து சாப்பிட மாட்டேங்கீங்க?"

கடையில் யாரோ ஆணி விலை கேட்பது கேட்டது. ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது.

"நான் தனியாத்தான் போனேன் செம்பகம்" என்றார். "அப்பாவக் கரையிலயே உக்கார வச்சிட்டேன். அவருக்கு எடம் தெரியாது. கண்மாய்க்கு உள்ள, உள்வாயில, வேலமரத்துக்குத் தெக்க. முள்ள வெட்டிப் போட்டு ஒரு கல்ல வச்சேன். நீ நடந்து வரட்டும், கூட்டிட்டுப் போகணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் உன் மொகத்தப் பாத்ததும் முடியல."

போன கோடையில் சரக்கு எடுக்க மதுரை போனவர், திரும்பி வந்தால் கண்மாய் சமமாகக் கிடந்திருக்கிறது. ஒரே நாளில் அள்ளிவிட்டார்கள். நம் காட்டுக்கு இருபது நடை, ஊர்க்காரர்களுக்கு நூறு நடை. எந்த நடை எந்தக் காட்டுக்குப் போனது என்று யாருக்குத் தெரியும். மாமா சந்தோஷமாக ஓடிவந்து மண்ணை அள்ளிக் காட்டினாராம், பாருடா வெண்ணெய் மாதிரி இருக்கு என்று. அவரிடம் எப்படிச் சொல்வது. அறுபத்தெட்டு வயது மனுஷர், அன்றைக்கே விழுந்துவிடுவார்.

அன்று சாயங்காலம் இவர் காட்டில் கொட்டியிருந்த குவியல் ஒவ்வொன்றையும் கையால் கிளறிக் கல்லைத் தேடியிருக்கிறார்.

"மூணு கல்லு கெடச்சிச்சு" என்றார். "அளவு எல்லாம் ஒண்ணு போல. எதுன்னு தெரியல. மூணையும் கடையில, மேசைக்குக் கீழ வச்சிருக்கேன்."

நான் உளுந்து தின்றதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். பார்சல் கட்டும்போது தடுக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை என்று அவரே சொல்லி அழுதார். ஆம்பளை அழுது நான் கேட்டதில்லை. மூன்று வருஷமாக நான் எவனைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

ஷைனி வந்து கதவைத் தட்டினாள். ஒன்பதாம் அறைக்கு மாத்திரை தாமதம்.

மார்ச் 30, வியாழன்

சாப்பிடவில்லை. அலமாரியில் இன்னும் முக்கால் கிலோ இருக்கிறது. டப்பாவைத் திறந்து பார்த்தேன். கறுப்பு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

ஏப்ரல் 1, சனி

விடிந்தபின், ஆறேமுக்காலுக்கு, பிரைடி போய்விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். முகம் கழுவி, தலை சீவி, உதட்டுச் சாயம் பூசினேன். டோனல் படம் மேசையில் நிமிர்ந்து இருந்தது.

ஏப்ரல் 4, செவ்வாய்

அடக்கம். கீரன் நான் சொன்னபடி தயிர்க் கப்பு மண்ணைப் பெட்டிக்குள் அவர் கைக்கடியில் வைத்துவிட்டான். பாதிரியார் அதைப் பார்த்தார், தடுக்கவில்லை. அடக்கம் முடிந்து வரும்போது பழைய கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன். கல்லை நிறுத்திவிட்டார்கள். இன்னார் மகன் இன்னார். அந்த ஆள் யார், என்ன செய்தார், யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு ஒரு அப்பன் இருந்தான், பெயர் சொல்லிக் கல்லில் வெட்ட ஆள் இருந்தது.

ஏப்ரல் 9, ஞாயிறு

போன் எடுத்ததும் நான் சொன்னேன்.

"அவளுக்கு ஒரு பேரு வச்சிருந்தேன். உங்ககிட்டகூடச் சொல்லல."

வயிற்றில் நான்கு மாதமாக இருக்கும்போது குற்றாலம் போனோம். சீசன். அருவிப் பக்கம் விடமாட்டேன் என்று இவர் என்னை அம்மன் சன்னிதியில் உட்கார வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அங்கே உட்கார்ந்து அந்த அம்மன் பெயரைப் பிள்ளைக்கு எடுத்துக்கொண்டேன். அவரிடம் பெயரைச் சொன்னேன். மூன்று கல்லிலும் எழுதுங்கள் என்றேன்.

"மூணுலயுமா?"

"மூணுலயும்."

அப்புறம் உளுந்தைப் பற்றிப் பேசினோம். நான்தான் ஆரம்பித்தேன். எல்லாரும் பிள்ளை வளர்ப்பது எதற்கு, கடைசிக் காலத்தில் ஒரு வாய் சோறு போடும் என்றுதானே. நம் மகள் முந்திக்கொண்டாள். "பிள்ள போட்ட சோறுன்னு நெனச்சிச் சாப்பிடுங்க" என்றேன். "வேண்டாம்னு சொன்னா அவளுக்கு வலிக்கும்." அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை.

போனை வைத்த பிறகு உளுந்தை அளந்து ஊறப்போட்டேன்.

ஏப்ரல் 10, திங்கள்

மூன்று தோசை. ஷைனிக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை, நல்லவள்.

ஏப்ரல் 16, ஞாயிறு

இன்று அவர் போனை மேசைக்குக் கீழே கொண்டுபோய்க் காட்டினார். கழுவித் துடைத்து மூன்றையும் வரிசையாக வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் தேங்காய் அளவுதான். கடை வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருக்கிறார். கல் சின்னது, பெயர் நீளம், ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. விளிம்பைச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டே போயிருக்கிறார். மூன்றாவது கல்லில் பெயின்ட் கொஞ்சம் வழிந்துவிட்டது. போனைத் திருப்பித் திருப்பித்தான் படிக்க முடிந்தது.

ஆவுடையப்பன் செண்பகவல்லி மகள் குழல்வாய்மொழி.

மூன்று தடவை படித்தேன், சத்தமாக. அவரும் கூடவே படித்தார். பிறகு, எப்போதும் அவர் கேட்பதை இன்று நான் கேட்டேன். சாப்பிட்டீர்களா என்றேன்.

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பாடு?"

கல்லைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார்.

"தோச" என்றார்.